பெட்டிக்குள் இரண்டு குஷன்

ரத்தினவேல் எதையும் பிரித்துப் பார்க்காமல் வாங்குகிற ஆள் இல்லை. முட்டை வாங்கினால் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். மருந்துக்கடையில் மாத்திரைப் பட்டையைக் கடைக்காரன் முன்னாலேயே எண்ணுவார். போன் வாங்கின அன்றைக்கு, வருகிற கால், போகிற கால் எல்லாம் தானாகப் பதிவாகிற மாதிரி செய்து கொடுத்தால்தான் எழுந்திரிப்பேன் என்று ஓசூர் பஸ் ஸ்டாண்டு எதிரில் உள்ள கடையில் அரை நாள் உட்கார்ந்திருந்தார். "நாளைக்கு ஒருத்தன், நான் அப்பிடிச் சொல்லவே இல்லைன்னா என்னா பண்றது?" என்று கடைக்காரனைக் கேட்டார்.

இருபத்தாறு வருஷம் சிப்காட்டில் ஒரு மோட்டார் கம்பெனி கேட்டில் செக்யூரிட்டியாக நின்றவர் அவர். ஷிப்ட் விட்டு வெளியே போகிறவர்கள் ஒவ்வொருவராக ஒரு பட்டனை அழுத்த வேண்டும். பச்சை எரிந்தால் போகலாம். சிவப்பு எரிந்தால் ஓரமாக வந்து கையைத் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டும். பையைக் காட்ட வேண்டும், டிபன் பாக்ஸைத் திறந்து காட்ட வேண்டும். தாமிரக் கம்பியைச் சுருட்டி மிச்ச ரசத்துக்குள் போட்டுக் கொண்டுபோனவனை ஒருநாள் பிடித்தார். அதற்கப்புறம் ரசத்தைக்கூட அவர் நம்பவில்லை.

கேட்டுக்குப் பக்கத்திலேயே ஜெனரேட்டர் ரூம். காது பாதி அங்கேயே போய்விட்டது. அதை அவர் ஒத்துக்கொள்வதில்லை. ஊரில் எல்லோரும் வாய்க்குள்ளேயே பேசுகிறார்கள் என்பார்.

மகன் சிவராஜ் ஷிப்டுக்குப் போய்விட்டால் மூக்கண்டப்பள்ளி வீட்டில் அவரும் மருமகள் மேகலாவும்தான். மேகலா வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறாள். பெங்களூர் கம்பெனி ஒன்றுக்கு வருகிற புகார் கால்களை எடுக்கிற வேலை. தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் தடங்கலில்லாமல் பேசுவாள் என்பதால் அவளுக்குக் கால் வந்துகொண்டே இருக்கும். உள் அறைக் கதவைச் சாத்தி, காதில் ஹெட்செட்டை மாட்டினால் ஒரு மணிக்குத்தான் வெளியே வருவாள். நடுவில் கதவைத் தட்டக் கூடாது. வெளிச் சத்தம் உள்ளே கேட்டால் மார்க்கைக் குறைப்பார்களாம்.

அந்த ஹெட்செட்டின் குஷன் உரிந்து போயிருந்தது. வெளியே வரும்போது கன்னத்தில் கறுப்பு கறுப்பாகப் பொடி ஒட்டியிருக்கும். பஞ்சு அமுங்கி உள்ளே இருக்கிற கெட்டிப் பிளாஸ்டிக் காதை அழுத்த, சாயங்காலம் காது மடல் சிவந்து கிடக்கும். கைக்குட்டையைச் சுற்றிப் பார்த்தாள். காதோடு ஒட்டாததால் சத்தம் வெளியே கசிந்து பேச்சு மெலிசாகக் கேட்டது. வால்யூமைக் கூட்டிக் கூட்டித் தலைவலி வந்ததுதான் மிச்சம். ஒருநாள் காலையில், "மாமா, இன்னிக்கு எனக்கு ஒரு பார்சல் வரும். நம்பர் கேப்பாங்க, இதைச் சொல்லுங்க" என்று நாலு எண் எழுதின சீட்டைக் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். புது செட்டு வாங்குகிறாள் போலிருக்கிறது என்று அவராகவே நினைத்துக்கொண்டார். அவளைக் கேட்கவில்லை.

பதினோரு மணிக்கு வாசலில் ஒரு எக்ஸ்எல் வண்டி வந்து நின்றது. இரண்டு பக்கமும் பெரிய பை தொங்கியது. ஹெல்மெட்டைக் கழற்றினவனுக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும்.

"ரத்தினண்ணா! நல்லாருக்கீங்களா?"

கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். "நீ வைண்டிங் முனிராஜ்தானே?"

"ஆமாண்ணா. கேட்டுல எனக்கு எத்தனை சிவப்பு எரிஞ்சிருக்கும்! எங்க வேப்பனப்பள்ளி ஆளுங்கள்லயே அதிகமா கையத் தூக்குனவன் நாந்தான்." முனிராஜ் சிரித்தான். மோட்டாருக்குக் கம்பி சுற்றுகிற வைண்டிங் செக்‌ஷனை மூடி மூன்று வருஷமாகிறது, அப்புறம் இந்த வேலைதான் என்றான். இதையெல்லாம் அவன் சத்தமாகச் சொன்னதால் அவருக்குக் கேட்டது.

முனிராஜை எத்தனையோ தடவை சோதித்திருக்கிறார். ஒரு தடவைகூட எதுவும் அகப்பட்டதில்லை. அகப்படாதவன் மேல்தான் அவருக்குச் சந்தேகம் ஜாஸ்தி.

"நம்பர் சொல்லுங்கண்ணா."

"மருமகளுக்கு வந்தது, அது உள்ள வேலையா இருக்குது. முதல்ல பெட்டியக் குடு. பிரிச்சிப் பாத்துட்டுத்தான் நம்பரு."

"நம்பர் போடாம பிரிக்கக் கூடாதுண்ணா. ரூலு."

"ரூலு எனக்குச் சொல்றியா? நான் பாக்காத ரூலா?"

முனிராஜ் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தான். "சரி, பிரிங்க. வேற ஆளா இருந்தா விடமாட்டேன். நீங்கன்னுட்டு விடறேன்."

ரத்தினவேல் சாவியின் பல்லால் டேப்பைக் கிழித்தார். உள்ளே இன்னொரு சின்னப் பெட்டி. அதன் மேல் பளபளவென்று முழு ஹெட்செட் படம். அதைத் திறந்தார். கறுப்பாக இரண்டு வளையம் இருந்தது. மெத்தென்று உளுந்து வடை அளவில் இரண்டு குஷன். பெட்டியைக் கவிழ்த்து உதறினார். வேறு எதுவும் விழவில்லை.

"செட்டு எங்கடா?"

"எந்த செட்டுண்ணா?"

"படத்துல இருக்கற செட்டு. குஷன மட்டும் வெச்சிட்டு மிச்சத்த எங்க எறக்குன?"

முனிராஜின் முகத்தில் சிரிப்பு மெதுவாகப் போயிற்று. எதிர்வீட்டு வாசலில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்த வெள்ளையம்மா நிமிர்ந்தாள். "என்னாண்ணா, மறுபடியும் கேட்டத் தொறந்துட்டீங்களா?" என்று குரல் கொடுத்தாள். பக்கத்து வீட்டு மாடியிலிருந்து இரண்டு தலை எட்டிப் பார்த்தது. பார்க்கிறதற்கு ஆள் சேர்ந்ததும் ரத்தினவேலின் குரல் ஏறிற்று. பழைய பழக்கம். கேட்டில் ஒருவனைப் பிடித்தால் வரிசையில் நிற்கிற அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரிதான் பேசுவார்.

பெட்டியில் ஒட்டியிருந்த நம்பருக்குப் போன் போட்டார். காதில் வைத்தால் கேட்காது என்று ஸ்பீக்கரில் போட்டு, கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு கத்தினார். முனிராஜ் பக்கத்தில் வந்து நின்று, உள்ளங்கையை விரித்துக்கொண்டு என்னவோ சொன்னான். உதடு அசைவதுதான் தெரிந்தது. மாட்டிக்கொண்டவன் எல்லாம் இப்படித்தான் வாய்க்குள் முனகுவான் என்று நினைத்து, அவனை முழங்கையால் தள்ளிவிட்டுப் பேசி முடித்தார்.

முனிராஜ் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டான். நம்பரைக்கூடக் கேட்கவில்லை. ரத்தினவேல் சேரைக் கதவோரமாக இழுத்துப்போட்டு, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். வேலையை விட்ட பிறகு அவ்வளவு தெம்பாக அவர் உட்கார்ந்ததில்லை. மருமகள் வெளியே வரட்டும் என்று காத்திருந்தார்.

ஒரு மணிக்குக் கதவு திறந்தது. "பார்சல் வந்துச்சா மாமா?"

"வந்துச்சி. நான் இல்லைன்னா உன்னை ஏமாத்திட்டுப் போயிருப்பான். பாரு, செட்டைத் தூக்கிட்டு வெறும் குஷன வெச்சிருக்கான்."

மேகலா பெட்டியை வாங்கிப் பார்த்தாள். "இதுதான் மாமா நான் கேட்டது. குஷன் மட்டும்."

"மேல முழு செட்டு படம் போட்டிருக்குதே?"

"எந்த செட்டுக்கு இது சேரும்னு காட்டறதுக்குப் போட்டிருக்காங்க. செட்டு நல்லாத்தானே இருக்கு, அதை எதுக்கு மாத்தணும்?" அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். "கொண்டுவந்தவரை என்னா சொன்னீங்க?"

அவர் சொன்னார். ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. கம்பெனிக்குப் போன் போட்டதைக் கடைசியில் சொன்னார்.

"அய்யோ மாமா! கம்ப்ளைண்ட்டா போட்டீங்க? உடனே வாபஸ் வாங்கணும். கம்ப்ளைண்ட் நம்பர் சொல்லியிருப்பாங்களே?"

"சொன்னா ஒரு பொண்ணு. எனக்குச் சரியா... அவ வாய்க்குள்ளயே பேசுனா."

"ரெக்கார்ட் ஆகியிருக்குமில்ல? குடுங்க."

போனை ஹெட்செட்டோடு சேர்த்து மாட்டிக்கொண்டாள். பக்கத்து வீட்டில் மாவு கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. பழைய குஷனில் அந்தச் சத்தம்தான் உள்ளே வந்தது. "உங்க குரல்தான் கேக்குது. அந்தப் பொண்ணு சொல்றது ஒண்ணும் புரியலை" என்று கழற்றினாள். அப்புறம் நாற்காலியில் உட்கார்ந்து, பழைய குஷனைத் திருகி இழுத்தாள். அது கறுப்புச் செதிலாக உதிர்ந்துகொண்டே கழன்றது. புது குஷனின் பின்பக்கம் ஒரு மெல்லிய தோல் விளிம்பு இருந்தது. அதை ஹெட்செட்டின் பள்ளத்துக்குள் விட்டு, ரேஷன் கார்டின் ஓரத்தால் சுற்றிவரச் செருகினாள். அப்படியே இன்னொரு பக்கமும். அவள் அவசரமாகச் செய்தாலும் கை தடுமாறவில்லை. ரத்தினவேல் உதிர்ந்த செதிலைத் தரையிலிருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தார். வேறு எங்கே பார்ப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

"தப்பு தப்புதான். ஆனா அவனும் ஒரு வார்த்தை வாயத் தொறந்து சொல்லியிருக்கலாமில்ல? வாய்க்குள்ளயே முனகிட்டு நின்னான்" என்றார்.

மேகலா மறுபடி மாட்டினாள். காது முழுசும் குஷனுக்குள் அடங்கிற்று. கிரைண்டர் சத்தம் அவளுக்குக் கேட்கவில்லை என்பது அவள் முகம் நிமிர்ந்ததிலேயே தெரிந்தது. காலண்டர் தாளில் எண்ணைக் குறித்துக்கொண்டாள். குறித்து முடித்த பிறகும் கழற்றவில்லை. முதலிலிருந்து ஒருமுறை கேட்டாள். அவள் கை பென்சிலோடு அப்படியே நின்றது. ஹெட்செட்டைக் கழற்றி அவரிடம் நீட்டினாள்.

"நீங்களே கேளுங்க மாமா."

அவர் தலையில் மாட்டினதும் வீடு காணாமல் போனது. கிரைண்டர் இல்லை, லாரி இல்லை. மெத்தென்று காதைச் சுற்றி ஒரு அணைப்பு. அதற்குள் ஒரு கிழவன் கத்திக்கொண்டிருந்தான்.

"பிரிச்சே கொண்டாந்தான்மா. டேப்பு கிழிஞ்சிருந்துச்சி."

"பேக்கிங் ஏற்கெனவே ஓப்பனாகி இருந்ததா ஸார்?"

"ஆமாங்கறேன். நான் என்ன பொய்யா சொல்றேன்?"

அப்படிச் சொன்னது அவருக்கு நினைவே இல்லை. சொல்லியிருக்கிறார். சாவியால் கிழித்த கையிலேயே போனைப் பிடித்துக்கொண்டு சொல்லியிருக்கிறார். அந்தக் கத்தலுக்கு அடியில், வேறொரு குரல். தணிந்த குரல். ஒவ்வொரு வார்த்தையும் தனித்தனியாகக் கேட்டது.

"அண்ணா... நீங்கதானே பிரிச்சீங்க. அப்பிடிச் சொல்லாதீங்கண்ணா, ஐடி பிளாக் ஆயிரும். உள்ள மருமக இருக்குதில்ல, ஒரு வார்த்தை கேளுங்க. அது வர்ற வரைக்கும் நிக்கிறேன். எத்தனை நேரமானாலும் நிக்கிறேண்ணா."

அதன் மேலேயே ஏறிக்கொண்டு கிழவனின் குரல்: "இவன எனக்கு இருபது வருஷமா தெரியும்மா. கம்பெனில இருக்கறப்பவே இவன் மேல ஒரு கண்ணு."

பிறகு முழங்கை பட்ட சத்தம். "அய்யோ தேவுடா" என்று மெதுவாக ஒரு மூச்சு.

ரத்தினவேல் ஹெட்செட்டைக் கழற்றி மேஜை மேல் வைத்தார். அது சரியாக இல்லை என்பதுபோல் திரும்ப எடுத்து நேராக வைத்தார். மருமகளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"எனக்கு அவன் பேசுனது கேக்கலம்மா" என்றார்.

"அது சரி மாமா." மேகலா காலண்டர் தாளை எடுத்துக்கொண்டாள். "நீங்க பேசுனது?"

அவர் பழைய குஷனை எடுத்து, உரிந்த தோலைக் கிள்ளினார்.

"நானும் இதே வேலைதான் பண்றேன். கஸ்டமர் சொன்னா நாங்க நம்பியாகணும். நாங்க ஒரு டிக் போட்டா அங்க ஒருத்தருக்கு அன்னிக்கே வேலை நின்னுடும். அந்த மனுசன் மூஞ்சிய நாங்க பாக்கறதே இல்லை."

ஆயுசு முழுக்க யாரையும் நம்பாதவர் அவர். அவர் சொன்ன பொய்யை ஒரு பெண் எதிர்க்கேள்வி கேட்காமல் நம்பியிருக்கிறாள். யாரும் அவரைப் பட்டன் அழுத்தச் சொல்லவில்லை.

மேகலா சாப்பிடாமல் கஸ்டமர் கேருக்குப் பேசினாள். முனிராஜின் டெலிவரி ஐடியை ஏற்கெனவே பிளாக் பண்ணியாகிவிட்டது, இனி டெலிவரி ஆபீஸ் மேனேஜர்தான் முடிவு செய்யணும் என்றார்கள். அவளுக்கு நேரமாகிவிட்டது. கதவுக்குள் போகும்போது, "நான் சாயங்காலம் வந்து பேசட்டுமா மாமா?" என்றாள்.

"வேணாம். நான் போறேன்" என்றார். பெட்டியையும் பழைய குஷனையும் மஞ்சப்பையில் போட்டுக்கொண்டார். எதிர்வீட்டு வெள்ளையம்மா, "என்னாண்ணா, திருடன் சிக்கிட்டானா?" என்றாள். திரும்பிப் பார்க்காமல் நடந்தார். ஷேர் ஆட்டோவில் ஏறினார்.

பாகலூர் ரோட்டில் தகரக் கொட்டகை போட்ட ஆபீஸ். உள்ளே லாரியிலிருந்து பெட்டி இறங்குகிற சத்தமும் பெரிய மின்விசிறிகளின் இரைச்சலும். வாசலில் நீலச் சட்டை போட்ட செக்யூரிட்டி கையை நீட்டினான். "பையக் காட்டு பெரியவரே." காட்டினார். உரிந்த குஷனை வெளியே எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இது என்னாத்துக்கு?" என்றான். "கம்ப்ளைண்ட்டுக்கு வந்திருக்கேன்" என்றார். "கம்ப்ளைண்ட் பண்றவங்களுக்குப் போன் நம்பர் இருக்குது." "இல்லப்பா, நான் பண்ணது தப்புன்னு சொல்ல வந்திருக்கேன்." அந்த ஆள் அவரை ஒரு மாதிரி பார்த்துவிட்டு உள்ளே விட்டான்.

முனிராஜ் சுவரோரமாகக் கவிழ்த்துப் போட்ட பிளாஸ்டிக் டப்பா மேல் உட்கார்ந்திருந்தான். கழுத்தில் ஐடி அட்டை இல்லை. அவரைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டான்.

மேனேஜர் மேக்ஸ்வெல்லுக்கு முப்பது வயதிருக்கும். கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டான். "சொல்லுங்க ஸார்."

"முனிராஜ் மேல தப்பில்லை. நான் சொன்னதுதான் தப்பு."

"பேக்கிங் பிரிஞ்சிருந்ததுன்னு நீங்கதானே சொல்லியிருக்கீங்க? அவரு நீங்க பிரிச்சீங்கங்கறாரு. நம்பர் வாங்காம யாராச்சும் பிரிக்க விடுவாங்களா? அதை யாரு நம்பறது?"

"என் போன்ல பதிவு இருக்கு. கேளு."

சுற்றி நாலைந்து டெலிவரி ஆட்கள் வந்து நின்றார்கள். ரத்தினவேல் போனை மேஜை மேல் வைத்து முழுச் சத்தத்தில் ஓட விட்டார். அந்த இரைச்சலில் போனின் சின்ன ஸ்பீக்கரிலிருந்து கிழவனின் கத்தல் மட்டும்தான் வந்தது. பிரிச்சே கொண்டாந்தான்மா. இவன் மேல ஒரு கண்ணு. அடியில் இருந்த குரல் வரவே இல்லை. அவர் குனிந்து காதை வைத்தார். இல்லை. இன்னொரு தடவை ஓட்டினார். மறுபடியும் அவரே கத்தினார். நின்றவர்களில் ஒருவன், "நல்லா சாட்சி கொண்டாந்தாரு தாத்தா" என்றான். சிரித்தார்கள்.

"இதுல அவரு பேசுனதே இல்லையே ஸார்" என்றான் மேக்ஸ்வெல்.

"இருக்குது. ஹெட்செட்டுல கேட்டா இருக்குது." மருமகள் அதைப் போட்டுக்கொண்டு வேலையில் இருக்கிறாள். ரத்தினவேல் போனை நிறுத்தினார். வேறு வழி இல்லை. முனிராஜ் பக்கம் பார்க்காமல், மேஜையைப் பார்த்துக்கொண்டு, இரைச்சலுக்கு மேல் குரலை எழுப்பிச் சொன்னார்.

"அண்ணா, நீங்கதானே பிரிச்சீங்க. அப்பிடிச் சொல்லாதீங்கண்ணா, ஐடி பிளாக் ஆயிரும். உள்ள மருமக இருக்குதில்ல, ஒரு வார்த்தை கேளுங்க. எத்தனை நேரமானாலும் நிக்கிறேண்ணா." மேஜை மேல் இருந்த போனைத் தள்ளி வைத்தார். "இதான் அவன் சொன்னது. நான் முழங்கையால தள்ளுனேன். நம்பர் குடுக்காம பிரிச்சிக் காட்டுன்னு வம்பு பண்ணதும் நாந்தான். பழைய ஆளுன்னு விட்டான். பிரிச்சது நானு. பிரிஞ்சி வந்துச்சின்னு சொன்னது பொய்யி."

சிரித்தவர்கள் ஒவ்வொருவராகப் பெட்டி அடுக்கத் திரும்பிப் போனார்கள். அது அவருக்குச் சிரிப்பைவிட மோசமாக இருந்தது.

"எழுதிக் குடுங்க" என்று மேக்ஸ்வெல் ஒரு தாளைத் தள்ளினான்.

கேட் நோட்டில் பெயரும் வண்டி நம்பரும் எழுதிப் பழகின கை. ஒரு பக்கத்துக்கு எழுத அவருக்கு வராது. பெரிய பெரிய எழுத்தில் இரண்டே வரி எழுதினார். நான் பிரித்தேன். பொய் சொன்னேன். கீழே கையெழுத்துப் போட்டார். மேக்ஸ்வெல் அதைப் படித்துவிட்டு, மேலே அனுப்புகிறேன், இரண்டு நாளில் ஐடி திறக்கும் என்றான். அந்த இரண்டு நாள் அவனுக்கு வேலை இல்லையா என்று கேட்டார். இல்லை என்றான்.

ரத்தினவேல் சுவரோரம் போய் நின்றார். சட்டைப்பையிலிருந்து மேகலாவின் சீட்டை எடுத்து நீட்டினார். "நம்பரு. காலைலயே குடுத்திருக்கணும்."

முனிராஜ் சீட்டை வாங்கிப் பார்த்தான். "இனிமே இது எதுக்குண்ணா?" என்று திருப்பிக் கொடுத்தான். இந்தத் தடவை அவன் சத்தமாகத்தான் பேசினான். இவருக்குக் காது மந்தம் என்று அவனுக்கு இப்போதுதான் புரிந்திருக்க வேண்டும். "குஷன் மருமகளுக்குச் சரியா உக்காந்துச்சா?"

"உக்காந்துச்சி. நல்லா கேக்குது."

"அது போதும்."

"முனிராஜ், நான் அன்னிக்குக் கேட்டுல..."

"வேணாம்ண்ணா." அவன் எழுந்து வேட்டியைப் போல பேண்ட்டை ஒரு உதறு உதறினான். "கேட்டுல நீங்க வேலை பாத்தீங்க. எனக்கு அதுல வருத்தமே இல்ல. இன்னிக்கு உங்களுக்கு வேலை இல்லையே, அப்புறம் ஏண்ணா?" கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் ஹெல்மெட்டை எடுத்தான். "உங்க தெருவுக்கு இனிமே வேற ஆள போடச் சொல்லிட்டேன். தப்பா எடுத்துக்காதீங்க."

அவன் வெளியே போகிற வரிசையில் போய் நின்றான். அவன் முறை வந்ததும் செக்யூரிட்டி அவன் பையைப் பார்த்து, தோளைத் தட்டி அனுப்பினான்.

ரத்தினவேல் அவனுக்குப் பின்னால் இரண்டு ஆள் தள்ளி நின்றார். அவர் முறை வந்தது. "உன்னத்தான் வர்றப்பவே பாத்தாச்சே, போ பெரியவரே" என்றான் செக்யூரிட்டி.

"போறப்பதான்பா பாக்கணும்" என்றார் அவர். ஓரமாக நகர்ந்து மஞ்சப்பையைக் கீழே வைத்துத் திறந்தார். யாரும் சொல்லாமலேயே இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றார்.